சாவி பூட்டுக்குத்தான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். டீக்கடைப் பக்கமிருந்து ஒரு சத்தம். அலறல் என்று சொல்ல முடியாது, அழுகையும் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிற மூச்சு மொத்தத்தையும் யாரோ ஒரே அமுக்காக அமுக்கி வெளியே தள்ளியது போல ஒரு ஓசை. என் தம்பியிடம் பல வருடம் கேட்டுப் பழகிய சத்தம் அது. அதனால் திரும்பிப் பார்க்கும் முன்பே கை செல்போனை எடுத்து மணி பார்த்துவிட்டது. 6.42.

20, 22 வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. உடம்பு விறைத்துக் கிடந்தான், பக்கத்தில் டீ கிளாஸ் உடைந்து கிடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் அவன் வலது கையில் இரண்டு சாவிக்கொத்து ஏறியிருந்தது. ஒன்று யாருடைய பைக் சாவியோ, இன்னொன்று கடை ஷட்டர் சாவி மாதிரி நீளமாக இருந்தது. ஒருவர் கால்மாட்டில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். "நாக்கக் கடிச்சுக்கப் போறான், வாயில எதையாச்சும் வைங்கப்பா" என்று ஒரு அம்மா கத்த, டீக்கடைக்காரர் ஸ்பூனோடு குனிந்துவிட்டார். இன்னொருவர் சோடா வாங்க ஓடிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். விழுந்து கிடக்கிறவனைத் தாண்டிப் போகிற கூட்டம் இல்லை அது, அதற்கே கும்பிடு போடலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவனுக்கு வலிப்பைவிட எங்கள் உதவிதான் பெரிய ஆபத்து.

"அண்ணே, ஸ்பூன் வேண்டாம், எடுத்துருங்க. கால விடுங்கண்ணே, அதுவா நிக்கும்" என்றேன். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தேன், கண்ணாடிச் சில்லைக் காலால் ஒதுக்கினேன், பெஞ்சை ஒருத்தரை விட்டு இழுக்கச் சொன்னேன், சட்டைக் கழுத்துப் பட்டனைக் கழற்றினேன். உதறல் தளர ஆரம்பித்ததும் தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாக இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் இருந்த நுரையும் எச்சிலும் வெளியே வழிந்தன. 6.44க்கு உதறல் நின்றுவிட்டது. நான் செய்தது அவ்வளவுதான். மணி பார்த்தேன், காத்திருந்தேன்.

"பாத்தீங்களா, சாவி குடுத்ததும் நின்னுருச்சு" என்றார் பக்கத்தில் நின்றவர். அவரிடம் அப்போது வாதாடவில்லை. இங்கே வாதாடிக்கொள்கிறேன்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகிறவை. ஒருவன் விழுந்ததைப் பார்த்து நாம் திடுக்கிட்டு, "சாவி, சாவி" என்று கத்தி, யாரோ பாக்கெட்டைத் துழாவி, இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பதற்கு எப்படியும் ஒரு நிமிடம் ஆகிவிடும். அடுத்த அரை நிமிடத்தில் வலிப்பு நிற்கிறது. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைத்தானே சொல்கிறோம், அதுவும் காக்காய் வலிப்பு என்று பெயர் வைத்திருக்கிற நோயில். (இந்தப் பெயருக்கும் காக்காய்க்கும் சம்பந்தம் இல்லை. கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள்.) கையில் இரும்பைக் கொடுப்பதால் மூளைக்குள் எதுவும் மாறுவதில்லை. கூரான சாவியாக இருந்தால் உள்ளங்கை கிழியும், அந்த மாற்றம் மட்டும் நிச்சயம்.

இதை இவ்வளவு தைரியமாகச் சொல்லக் காரணம், நாங்களும் இதையேதான் செய்தோம். 2008இல் தம்பிக்கு முதல் தடவை வந்தபோது அவன் எட்டாம் வகுப்பு, அரையாண்டுப் பரீட்சை சமயம். நாலைந்து நாளாக ராத்திரி 11 மணி வரை படிப்பு, விடியற்காலை 4 மணிக்கு மறுபடி எழுப்பல். அப்படி எழுப்பிவிட்ட ஒரு காலையில் பாயிலேயே விறைத்தான். அம்மா அடுப்படியிலிருந்து குழம்புக் கரண்டியை எடுத்துவந்து காம்பை வாய்க்குள் திணித்தாள். அப்பா இரும்பு வேண்டும் என்று தேடி, கைக்கு அகப்பட்ட அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாயி மட்டும் குறுக்கே விழுந்து தடுக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் வீட்டில் பேச்சு வரும், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். வலிப்பு ஒன்றரை நிமிடத்தில் போய்விட்டது. கரண்டிக் காம்பில் உடைந்த முன்பல் போனது போனதுதான். அவன் கல்யாண ஆல்பத்தில்கூட உதட்டை மூடித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடிபடும், பெரும்பாலும் ஓரத்தில், ரத்தமும் வரும், சில நாளில் ஆறிவிடும். தாடை கிட்டித்துக்கொள்வது முதல் சில நொடிகளிலேயே நடந்து முடிகிறது, நாம் ஸ்பூனோடு போய்ச் சேரும்போது கடிபட வேண்டியது ஏற்கெனவே கடிபட்டிருக்கும். நினைவில்லாமல் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்பக்கம் சரிந்து மூச்சை அடைக்கலாம், எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதற்கு மருந்து ஒருக்களித்துப் படுக்க வைப்பதுதான். அந்த சோடாவும் அப்படித்தான், நன்றாக நினைவு திரும்பி, பேர் கேட்டால் சொல்கிற அளவுக்கு வருகிற வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. கை கால்களை அமுக்கிப் பிடித்தால் வலிப்பு நிற்காது, தோள்பட்டை கழன்றுகொள்ளும்.

ஏன் இப்படி வருகிறது என்று அந்த வயதில் தம்பி ஒரு டாக்டரிடம் கேட்டான். எனக்கு இன்னும் மறக்காத பதில் அது. மழை விட்ட ராத்திரி வயல்காட்டில் தவளைகள் கத்துவதைக் கேட்டிருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குக் கத்தும், அதுதான் சாதாரணமாக மூளை இருக்கிற விதம், கோடிக்கணக்கான நரம்பணுக்கள் தங்களுக்குள் சின்னச் சின்ன மின்துடிப்பாகப் பேசிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு வரப்பில் இருக்கிற தவளைகள் எல்லாம் ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்து, அது பக்கத்து வயல், அடுத்த வயல் என்று ஊர் முழுக்கப் பரவினால் எப்படி இருக்கும்? அதுதான் வலிப்பு என்றார். மூளையில் எந்த வயலில் ஆரம்பிக்கிறதோ அதைப் பொறுத்து வலிப்பின் தோற்றம் மாறும். ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டாலே வலிப்பு நோய் என்று ஆகிவிடாது என்பதையும் அவர்தான் சொன்னார். காய்ச்சலோ, சர்க்கரை இறங்கியதோ, தலையில் அப்போது பட்ட அடியோ போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளியில் இரண்டு முறை வந்தால், அல்லது ஒரு முறையே வந்து திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால்தான் அந்தப் பெயர்.

ஆனால் அவரிடம் நாங்கள் போய்ச் சேரவே இரண்டு மாதம் ஆனது. நடுவில் மந்திரிப்பு, தாயத்து. அப்புறம் அப்பாயி திருவாசிக்குக் கூட்டிப்போனாள். திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், கொல்லி மழவன் மகளுக்கு முயலகன் என்ற நோய் கண்டு, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அது தீர்ந்ததாகச் சொல்லும் தலம் அது. முயலகன் என்றால் நடராஜர் காலடியில் கிடக்கிற அந்தக் குள்ள உருவம் மட்டும் இல்லை, பழைய தமிழில் வலிப்பு நோய்க்கே அந்தப் பெயர் உண்டு. திருவாசி நடராஜர் காலடியில் முயலகன் கிடையாது, பாம்புதான். அதைக் காட்டி அப்பாயி தம்பியிடம் "பாத்தியா, உன் வியாதிய அப்பவே தூக்கிப் போட்டாச்சு" என்றாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் பிற்பாடு மாத்திரை ஆரம்பித்ததும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்ததும் அதே அப்பாயிதான். "சாமி சாமி வேலையப் பாக்கட்டும், மாத்திர மாத்திர வேலையப் பாக்கட்டும்" என்பாள். கோவிலுக்குப் போவதில் நஷ்டம் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் நஷ்டம்.

ஸ்கேன் எடுத்த அன்று ஒரு கூத்து. மூளையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. படத்தைப் பார்த்த டாக்டர், "பன்னிக்கறி சாப்பிடுவீங்களா?" என்றார். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அப்பாயி எழுந்தே விட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, சாப்பிடாதவர்களுக்கும் வரும் பாட்டி என்று உட்கார வைத்தார்.

விஷயம் இதுதான். பன்றி நாடாப்புழு என்று ஒன்று. சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவர் குடலில் அந்தப் புழு வளரும், அவருடைய மலத்தோடு முட்டைகள் வெளியே வரும். திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடத்தில் அந்த முட்டைகள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், அங்கிருந்து கொத்தமல்லிக்கும் கேரட்டுக்கும் போய், கையைச் சரியாகக் கழுவாதவர் சமைத்தால் நேராகச் சோற்றுக்கே வந்து, யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அந்த முட்டையிலிருந்து வருகிற புழுக்குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையில் போய் உட்கார்ந்து சின்ன நீர்க்கட்டி ஆகிறது. அது சாகும்போது சுற்றிலும் வீங்கி, வலிப்பாகக் காட்டிக்கொள்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் ஸ்கேனில் இப்படி ஒற்றைப் புள்ளி தெரிந்தால் மூளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். அதில் பெரும்பாலானவை இந்தப் புழுக்கட்டிதான் என்று எடுத்துக்காட்டியது வேலூர் சிஎம்சி டாக்டர்களின் வேலை. பலருக்கு அந்தக் கட்டி சில மாதத்தில் கரைந்து போய் மாத்திரையையும் நிறுத்திவிடலாம். தம்பிக்கு அது சுண்ணாம்பு படிந்து தழும்பாக நின்றுவிட்டது, அதனால்தான் இன்னும் மாத்திரை.

எல்லாருக்கும் இதே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்தில் மூச்சு முட்டியது, எப்போதோ வந்த மூளைக்காய்ச்சல், வண்டியில் விழுந்து தலையில் பட்ட அடி, வயதானவர்களுக்குப் பக்கவாதம், சிலருக்குப் பரம்பரை என்று பல உண்டு. எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காதவர்களும் நிறையப் பேர்.

இன்னொன்று, கீழே விழுந்து உதறினால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண், படித்துக்கொண்டே இருப்பாள், பத்து நொடி அப்படியே நின்றுவிடுவாள், கண் ஒரு இடத்தில் குத்தி நிற்கும், அப்புறம் ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து படிப்பாள். ஒரு நாளில் எத்தனையோ தடவை. பள்ளியில் "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பினார்கள், வீட்டில் அடியும் விழுந்தது. அதுவும் ஒரு வகை வலிப்பு, மருந்தில் நன்றாகக் கேட்கிற வகை. இன்னும் சிலருக்கு நினைவு மங்கி, உதட்டைச் சப்புக்கொட்டி, சட்டைப் பட்டனை நோண்டிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் நடப்பார்கள். ரோட்டில் பார்த்தால் குடிகாரன் என்போம், வீட்டில் பார்த்தால் பேய் என்போம். இவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது, மிரண்டு தள்ளிவிடுவார்கள். ரோட்டுப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ போகாமல் மெல்ல மறித்துக்கொண்டு கூடவே நடந்தால் போதும்.

தம்பிக்குக் கடைசியாக வந்தது இரண்டு வருடம் முன்பு, தீபாவளிக்கு. சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன் மாத்திரைப் பட்டையை அறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். ஒரு நாள்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை. தூக்கமும் போய் மாத்திரையும் போனால் கேட்கவே வேண்டாம், மறுநாள் மத்தியானம் வந்துவிட்டது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. இரண்டு வருடம் வரவில்லையே என்று தானாக நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், அதை டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைத்துத்தான் செய்ய வேண்டும். பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வால்ப்ராயேட் போன்ற மருந்து கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது, அதனால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் வாய்விட்டுப் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவது அதைவிட ஆபத்து.

நம் ஊர் வழக்கங்களிலேயே சில தூண்டுதல்கள் ஒளிந்திருக்கின்றன. வெந்நீர் வலிப்பு என்று ஒன்று தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகத்தில், நிறையப் பார்க்கிறார்கள். சூடான தண்ணீரை சொம்பு சொம்பாக வேகமாகத் தலையில் ஊற்றும்போது மட்டும் வரும். ஆவி பறக்கிற எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சூட்டைக் குறைத்து, தலைக்கு நிதானமாக ஊற்றினாலே பலருக்கு நின்றுவிடுகிறது. அப்புறம் கற்பூரம், நீலகிரித் தைலம். குழந்தைகள் இவற்றை விழுங்கிவிட்டால் நிஜமாகவே வலிப்பு வரும். சளி என்றால் கைக்கு வந்த தைலத்தைப் பிள்ளை மூக்கில் அப்புகிற பழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம்.

ஆம்புலன்ஸ் எப்போது என்று எல்லாரும் கேட்பார்கள். உதறல் 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. அதனால்தான் நான் முதலில் மணி பார்க்கிறேன், பயத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும். ஒன்று நின்று நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், தண்ணீரில் நடந்திருந்தாலும், தலையில் பலமாக அடிபட்டிருந்தாலும், நின்ற பிறகும் மூச்சு சரியாக வராவிட்டாலும், வாழ்க்கையில் முதல் தடவை என்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். தம்பி பையில் மூக்கில் அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே ஒன்று இருக்கும், டாக்டர் எழுதிக் கொடுத்தது, 5 நிமிடத்தைத் தாண்டினால் அடிப்பதற்கு. இதுவரை ஒரே ஒரு முறைதான் திறந்திருக்கிறோம். வீட்டு ஆட்கள் ஒரு முறையாவது செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கிற ஈஈஜி (மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்கிற சோதனை) பலருக்குச் சாதாரணமாகவே வரும், பார்த்தவர் சொல்கிற சாட்சிதான் டாக்டருக்குப் பெரிய ஆதாரம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவனை எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களைப் பற்றி எழுத வந்தால் வார்த்தை தடித்துவிடும், விடுகிறேன்.

உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. எங்கள் டாக்டர் இந்தக் கணக்கை எல்லாம் 13 வயதுப் பையனிடம் சொல்லவில்லை. "ஜான்டி ரோட்ஸ் தெரியுமா? அவருக்கும் இருக்கு" என்றார். 1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ரன் அவுட் ஆக்கப் பந்தோடு ஸ்டம்ப் மேலேயே பாய்ந்தாரே, அவரேதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பி கட்டில் மேலிருந்து பாய்ந்து பாய்ந்து, வலிப்பால் படாத காயத்தை அதில் பட்டுக்கொண்டான்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அத்தை, மறைத்துவிடுங்கள், தாலி கட்டியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே அடிக்கடி வலிப்பு வருவது கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க ஒரு காரணமாக இருந்தது. அந்த வருடம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போனது சொந்தக்காரர்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. தம்பி அத்தை பேச்சைக் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே பெண்ணிடம் சொல்லி, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி, "பாத்ரூம் தாழ்ப்பாள் போடுவீங்களா?" போட மாட்டான். வண்டியும் ஓட்ட மாட்டான், லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, பொய் எழுதி எல்லாம் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டான். காவிரியில் தனியாக இறங்க மாட்டான். மற்றபடி அவன் குடும்பம், அவன் வேலை, அவன் கடன் எல்லாம் நம்மைப் போலத்தான்.

சரி, அந்தப் பையன். உதறல் நின்றபின் கொர் கொர் என்று குறட்டை மாதிரி மூச்சு விட்டான், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். பேன்ட் நனைந்திருந்தது. டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் தன் துண்டை எடுத்து அவன் இடுப்பில் போட்டார், ஸ்பூனை நீட்டிய அதே கைதான். கூட்டத்தைப் போகச் சொன்னோம், முழிக்கிறவனுக்குத் தன் மேல் முப்பது முகம் குனிந்திருப்பது நல்லாவா இருக்கும். "தம்பி, ஃபிட்ஸ் வந்துச்சு, இப்ப சரியாயிருச்சு, சத்திரத்துலதான் இருக்கீங்க" என்று நான் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கால் மணி நேரம் போன பிறகுதான் பேச்சு தெளிவாக வந்தது. முன்பும் வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், இரண்டு நாளாக நைட் ஷிப்ட் என்றான். அண்ணனுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அவர் வந்து கூட்டிப்போகிற வரை முசிறி வண்டி இரண்டு போய்விட்டது.

கிளம்பும்போது அவன் கைக்குள் இன்னும் ஒரு சாவிக்கொத்து இருந்தது, அந்த நீளமான ஷட்டர் சாவி. பைக் சாவிக்காரர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருந்தார். இதற்குச் சொந்தக்காரர் கூட்டத்தோடு கலைந்துவிட்டார் போல. டீக்கடைக்காரர் வாங்கி, சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோதும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி அந்த மனிதர் கடையை எப்படிப் பூட்டினாரோ தெரியவில்லை.